முதல் தடவை மனநல மருத்துவரைப் பார்க்கப் போகும் தங்கச்சிக்கு

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். வயது 26, தனியார் பள்ளியில் ஆசிரியை. மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. வகுப்பில் நின்று பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்து, கை வியர்த்து, இப்போது செத்துவிடுவோம் என்று தோன்றுகிறதாம். இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இதயத்துல ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி, மனநல மருத்துவரைப் பார்க்கும்படி சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டைப் பார்த்ததிலிருந்து வீட்டில் அம்மா அழுகிறார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். "அக்கா, உள்ள என்ன கேப்பாங்க? அம்மாவ வெளிய போகச் சொல்லுவாங்களா? மாத்திர ஆரம்பிச்சா காலம் பூரா போடணுமா? வெளிய தெரிஞ்சிருமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் மனநலப் பிரிவில் செவிலியராகப் பல வருஷம் வேலை பார்த்தவள். டாக்டர் இல்லை. அதனால் உங்களுக்கு என்ன நோய், எந்த மாத்திரை என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. உள்ளே போகுமுன் வராந்தாவில் உட்கார்ந்து ஜனங்கள் என்னென்ன நினைத்துப் பயந்தார்கள், வெளியே வரும்போது எதைக் கேட்காமல் விட்டுவிட்டு வந்தார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போவது நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமான காரியம் இல்லை. இரண்டாவது தடவை போகாமல் விடுவதில்தான் பலர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஏன் என்று மாத்திரை பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன்.

முதலில் யாரிடம் போவது? மனநல மருத்துவர் என்பவர் மற்ற டாக்டர்களைப் போல எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். முடித்தவர். அவர்தான் மாத்திரை எழுதலாம், ரத்தப் பரிசோதனை சொல்லலாம். உளவியலாளர் வேறு. அவர் பேச்சு வழியாகச் சிகிச்சை கொடுப்பவர். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் மாத்திரை எழுத மாட்டார். 'கவுன்சிலிங்' என்று போர்டு மாட்டியிருப்பவர் எல்லாரும் இந்த இரண்டில் ஒன்று என்று நம்பிவிடாதீர்கள். படிப்பு என்ன, பதிவு எண் என்ன என்று கேட்பதில் தப்பே இல்லை. உங்கள் விஷயத்தில் டாக்டரே எழுதிக் கொடுத்திருப்பதால் மனநல மருத்துவரிடமே முதலில் போய்விடுங்கள். பேச்சுச் சிகிச்சை தேவை என்றால் அவரே அனுப்புவார்.

எங்கே போவது என்பதற்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு மனநலப் பிரிவு எங்கே என்று கேட்டுப் போகலாம். டாக்டர் பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் காசு கிடையாது. கூட்டம் இருக்கும், நேரம் ஆகும். அது மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் இடம் என்பதால் முதலில் பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர் ஒருவர் விவரமெல்லாம் கேட்டு எழுதிக்கொள்வார். பிறகு பெரிய டாக்டரிடம் கூட்டிப் போவார். ஒரே கதையை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். உண்மையில் இளம் டாக்டர்தான் நிதானமாக உட்கார்ந்து கேட்பார். இரண்டாவது வழி, மாவட்ட மனநலத் திட்டம். அந்தக் குழுவின் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வந்து பார்ப்பது வழக்கம். உங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, தனியார் கிளினிக். முதல் தடவைக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஒதுக்குகிறவர்கள் உண்டு, பத்து நிமிஷத்தில் முடிக்கிறவர்களும் உண்டு. போனில் அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே, "முதல் தடவை வாரோம், எவ்வளவு நேரம் பார்ப்பாங்க, ஃபீஸ் எவ்வளவு" என்று கேட்டுவிடுங்கள்.

தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று பயந்து மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் பஸ் ஏறுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முதல் நாள் ஒரு வேகத்தில் போய்விடுவார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னால், பஸ் காசு, ஒரு நாள் லீவு, துணைக்கு ஆள் என்று யோசித்து, 'அதே மாத்திரையை இங்கயே மெடிக்கல்ல வாங்கிக்கிடலாம்' என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அரைநாளில் போய் வரக்கூடிய இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

போகும்போது இசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனைத் தாள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு பார்த்திருந்தால் அது முக்கியம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் வியர்வையும் வரும், ரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளை அட்டையோடு கொண்டு போங்கள். சித்த மருந்தும் இதில் சேரும். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் நம்முடையது. வீட்டுக்கு ஒருவராவது லேகியமோ சூரணமோ சாப்பிடுகிறார்கள். அதை டாக்டரிடம் சொன்னால் திட்டுவார் என்று மறைப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் சில மருந்துகள் ஒன்றோடொன்று சேராது. கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி, ஒரு நாளைக்கு எத்தனை டீ காபி, இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் இல்லாத களைப்புக்கு டீ, டீயால் மறுபடி தூக்கம் இல்லை என்று சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் ஏராளம்.

ஒரு துண்டுத் தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு போவது நல்லது. எப்போது ஆரம்பித்தது, அந்தச் சமயத்தில் வாழ்க்கையில் என்ன நடந்தது, எப்போது அதிகமாகிறது, எது ரொம்பப் பயமாக இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்ததும் அழுகை முட்டி எல்லாம் மறந்துபோகும். அப்போது அந்தத் தாளை அப்படியே நீட்டிவிடலாம். டாக்டர்கள் இதைத் தப்பாக நினைப்பதில்லை, சந்தோஷப்படுவார்கள்.

சரி, உள்ளே என்ன நடக்கும்? சினிமாவில் வருகிற சாய்வு நாற்காலியை எந்த ஆஸ்பத்திரியிலும் நான் பார்த்ததில்லை. ஒரு மேசை, இரண்டு மூன்று நாற்காலி. "என்னம்மா செய்யுது?" என்றுதான் ஆரம்பிப்பார். இதற்கு நம் ஊரில் வரும் முதல் பதில் எப்போதும் உடம்பைப் பற்றியதாகவே இருக்கும். தலை கிறுகிறுக்குது, நெஞ்சுக்குள்ள என்னமோ அடைக்குது, கைகால் வெலவெலக்குது, வாயு மேல ஏறுது. தயங்காமல் அதையே சொல்லுங்கள். பதற்ற நோயும் மனச்சோர்வும் பலருக்கு முதலில் உடம்பு வழியாகத்தான் தலைகாட்டுகின்றன. உங்களுக்கு வகுப்பில் வருகிற மாதிரி திடீர்ப் பயம் தாக்கும்போது, ஆபத்து எதுவும் இல்லாமலே உடம்பு ஆபத்துக்குத் தயாராகிறது. அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும். மூச்சு வேகமாகி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைவதால் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகும். பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் வருகிற சாவு பயம் நடிப்பு இல்லை, நிஜமான அனுபவம். டாக்டருக்கு இது தெரியும். நீங்கள் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை.

அப்புறம் தூக்கத்தைப் பிடித்துக்கொள்வார். படுத்ததும் தூக்கம் வரவில்லையா, நடுராத்திரி முழிப்பு வருகிறதா, விடிவதற்கு ரொம்ப முன்னாடியே எழுந்து உட்கார்ந்துவிடுகிறீர்களா? மூன்றும் ஒன்றல்ல. பதற்றம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தூக்கம் பிடிக்கவே நேரமாகும். மனச்சோர்வு கூடியவர்களுக்கு மூன்று நாலு மணிக்கே முழிப்புத் தட்டி, காலை நேரம் மிக மோசமாகவும் சாயங்காலம் கொஞ்சம் தேவலை என்றும் இருக்கும். 'தூக்கமே இல்ல டாக்டர்' என்று ஒரே வரியில் சொல்லாமல், எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு முழிக்கிறீர்கள் என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை குறையும். பசி, எடை, வேலையில் கவனம், முன்னே பிடித்த விஷயம் இப்போதும் பிடிக்கிறதா என்றெல்லாம் அடுத்தடுத்துக் கேட்பார்.

நடுவில் சில கேள்விகள் உங்களுக்குத் திக்கென்று இருக்கும். "தனியா இருக்கும்போது காதுல யாரும் பேசுற மாதிரி கேக்குதா?" "யாராவது உங்களுக்குச் செய்வினை வச்சிருக்காங்க, பின்னாலயே வாராங்கன்னு தோணுதா?" கேட்டவுடன், 'ஐயோ, நம்மள கோட்டின்னே முடிவு பண்ணிட்டாரே' என்று முகம் வாடிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது எல்லாரிடமும் கேட்கும் கேள்வி. இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான். "எப்பவாவது நாலஞ்சு நாள் தூங்காமலே களைப்பு இல்லாம ரொம்பச் சுறுசுறுப்பா, நிறையப் பேசிக்கிட்டு, காசத் தாராளமா செலவழிச்சிக்கிட்டு இருந்தது உண்டா?" என்றும் கேட்பார். 'இதுக்கும் என் படபடப்புக்கும் என்ன சம்பந்தம்' என்று தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. அப்படி ஒரு காலம் இருந்திருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். அவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுகோடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். சித்தப்பா, பெரியம்மா, மாமா என்று சொந்தத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்பதும் இதற்காகத்தான். குடும்ப மானத்தைக் காப்பாற்ற வேண்டிய இடம் இது இல்லை.

இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வா என்றுகூடக் கேட்கலாம். ஆசிரியைக்கே கணக்கா என்று சிரித்துக்கொள்ளுங்கள். கவனம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். குடிப்பழக்கம், புகையிலை பற்றிப் பெண்களிடமும் கேட்பார்கள், கோபப்பட வேண்டாம். காதல், வீட்டுச் சண்டை, யாராவது தப்பாக நடந்துகொண்டார்களா என்பது பற்றிய கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்ல விருப்பமில்லை என்றால், "அதப் பத்தி இன்னொரு நாள் சொல்லுதேன்" என்று சொல்லலாம். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒரு கேள்விக்கு மட்டும் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள். "வாழ்க்க வேண்டாம், செத்துட்டா தேவல்லன்னு தோணியிருக்கா?" இதைக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். தோன்றியிருந்தால், எப்போது, எவ்வளவு தூரம், ஏதாவது வழி யோசித்தீர்களா என்றும் கேட்பார். சொன்னால் உடனே பிடித்து வார்டில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். அப்படி ஓர் எண்ணம் வந்து போவது பலருக்கும் உண்டு. ஆபத்து எவ்வளவு என்று எடை போட்டுத்தான் முடிவெடுப்பார்கள். முன்பு முயற்சி செய்திருந்தால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்றும் பயப்படுகிறார்கள். 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்கிறது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் நோயாளி ஒருவர் வந்தால் கூட மூன்று பேர் உள்ளே வருவார்கள், மூன்று பேரும் பேசுவார்கள். நோயாளி வாய் திறக்கவே இடம் இருக்காது. நல்ல டாக்டர் என்றால் கொஞ்ச நேரம் எல்லாரையும் வைத்துக்கொண்டு பேசுவார், கொஞ்ச நேரம் உங்களிடம் தனியாகப் பேசுவார். தனியாகப் பேசச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். 26 வயது ஆன பெண் நீங்கள். அதற்காக அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். ராத்திரி நீங்கள் எத்தனை தடவை எழுந்து நடந்தீர்கள், எப்போதிலிருந்து முகம் மாறியது என்பது பல சமயம் அம்மாவுக்குத்தான் தெரியும். அதைவிட முக்கியம், டாக்டர் வாயால் இது என்ன என்று அம்மாவும் கேட்டுவிட்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். ஆண் டாக்டரிடம் தனியாக இருக்கச் சங்கடமாக இருந்தால், நர்ஸ் ஒருவர் அறையில் இருக்கட்டும் என்று கேளுங்கள்.

உடம்புப் பரிசோதனை பெரிதாக ஒன்றும் இருக்காது. ரத்த அழுத்தம், எடை, நாடி, கை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்ப்பது, கழுத்தில் தைராய்டு தொட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான். கரண்ட் ஷாக் பயம் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. படபடப்புக்காக முதல் தடவை வருகிறவருக்கு அந்தப் பேச்சே எழாது. கடுமையான நோய்க்குத் தருவதாக இருந்தாலும் மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுக்க மேலே சொன்ன 2017 சட்டம் தடை விதித்திருக்கிறது. விருப்பமில்லாமல் ஒருவரை வார்டில் சேர்க்கவும் கட்டுப்பாடு உண்டு: அவர் நியமித்த பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியாகப் பரிசோதித்து எழுத வேண்டும். 'கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிருவாங்க' என்று வீட்டில் யாராவது கிண்டலடித்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் கேட்டு முடித்ததும் சில டாக்டர்கள் நோயின் பெயரைச் சொல்வார்கள். சிலர், "டென்ஷன்தான், சரியாயிரும்" என்று முடித்துவிடுவார்கள். பெயரை மறைப்பதால் நல்லது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. "எனக்கு என்ன டாக்டர்? இதுக்குப் பேரு என்ன? இந்த மாத்திர எதுக்கு, எத்தன நாளைக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள். முதல் நாளே உறுதியாகச் சொல்ல முடியாமலும் போகலாம். இரண்டு மூன்று தடவை பார்த்த பிறகுதான் தெளிவாகும் என்று அவர் சொன்னால் அது நேர்மையான பதில்.

இப்போது மாத்திரை. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பொதுவாக முதலில் எழுதுவது எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்சிடின் போன்றவற்றில் ஒன்று. சின்ன அளவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுவார்கள். இவை பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்துகள் இல்லை. ஆனால் போட்ட அன்றைக்கே வேலை செய்யவும் செய்யாது. குணம் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முழுப் பலன் தெரிய இன்னும் சில வாரம். பக்கவிளைவு மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடும்: குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, சிலருக்கு முதலில் படபடப்பே கொஞ்சம் கூடும். இரண்டாவது தடவை வராமல் போகிறார்கள் என்று முதலில் சொன்னேனே, அது இதனால்தான். கஷ்டம் முதல் வாரமே வருகிறது, சுகம் மூன்றாவது வாரம் வருகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர், 'இந்த மாத்திரைதான் என்னைக் கெடுக்குது' என்று தூக்கிப் போட்டுவிடுவார். பெரும்பாலான தொந்தரவு ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கும். அடங்காமல் போகிறது, அல்லது தாம்பத்திய விருப்பம் குறைகிறது என்பது போன்ற வெளியே சொல்லத் தயங்கும் தொந்தரவு வருகிறது என்றால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் கவனிக்கச் சொல்வார்கள். உங்கள் வயது அதைத் தாண்டியது என்றாலும், மனசு வழக்கத்தைவிடக் கொதிக்கிறது என்று தோன்றினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போன் பண்ணுங்கள்.

இதோடு ராத்திரிக்கு இன்னொரு சின்ன மாத்திரை எழுதக்கூடும், குளோனசிபாம் மாதிரி. இது அன்றைக்கே வேலை செய்யும். தூக்கம் வரும், படபடப்பு அடங்கும், 'ஆஹா, இதுதான் மாத்திரை' என்று தோன்றும். இதில்தான் எச்சரிக்கை தேவை. தொடர்ந்து போட்டால் பழகிவிடுவது இந்த வகைதான். பெரிய மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் வரைக்கும் சில வாரத்துக்குக் கைத்தாங்கலாகத் தருவது இது. மறுபடி போகாதவர்கள் மெடிக்கலில் கெஞ்சி வாங்கி வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். முதல் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் தொடருவார்கள். தலைகீழ்.

கடைசிவரைக்கும் போட வேண்டுமா என்ற கேள்விக்கு, உங்கள் மாதிரி முதல் தடவை வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம். குணமான பிறகும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை தொடரச் சொல்லி, பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். நல்லா இருக்கே என்று நீங்களே திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்கிற மாதிரி உணர்வு வரும். 'பாத்தியா, மாத்திர இல்லாம இருக்க முடியல' என்று வீட்டில் சொல்வார்கள். அது சடாரென்று நிறுத்தியதன் விளைவு. மனச்சிதைவு, இருதுருவ நோய் போன்றவற்றுக்கு நீண்டகாலம் தேவைப்படலாம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போடவில்லையா?

மாத்திரைப் பெயரைப் போனில் தேடிப் பார்க்கும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு, வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டீர்கள். அப்படித் தேடும்போது, மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்து என்று போட்டிருந்தால் மிரண்டு போகாதீர்கள். குவெட்டியாபின் போன்ற மருந்தைச் சின்ன அளவில் வேறு காரணத்துக்கும் எழுதுவார்கள். அமிட்ரிப்டிலினை ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும்கூடக் கொடுக்கிறார்கள். மெடிக்கல் கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி சிரித்தால் அடுத்த தடவை வேறு கடை.

பத்தியம் எதுவும் இல்லை. மீன், கத்திரிக்காய் எல்லாம் சாப்பிடலாம். குடி மட்டும் கூடாது. நோன்பு வைக்கும் குடும்பங்களில் கேட்பார்கள்: பல மாத்திரைகளின் நேரத்தை சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ள முடியும். இருதுருவ நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் நோன்பு வைக்கக் கூடாது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறி விஷமாகிவிடும்.

உங்கள் அம்மா முதலில் சங்கரன்கோவிலுக்குப் போகலாம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கோமதியம்மன் சன்னதி முன்னால் சக்கரக் குழியில் உட்கார வைத்தால் சரியாகும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. உவரி அந்தோணியார் கோவிலுக்கும் புளியம்பட்டிக்கும் பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கும் அதே நம்பிக்கையோடு போகிறார்கள். தாராளமாகப் போய் வாருங்கள். அம்மா மனசுக்கு நிம்மதி. 'முதலில்' என்பதில்தான் எனக்குத் தகராறு. அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டுப் போங்கள், மாத்திரை தொடங்கினால் விரதம் என்று சொல்லி நிறுத்தாதீர்கள். அங்கேயே தங்கவைத்துக் கட்டிப்போடுகிற பேச்சு யார் வீட்டில் எழுந்தாலும் ஒத்துக்கொள்ளக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிச் செத்தார்கள். இன்றைக்கு மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டம் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது.

வெளியே தெரியுமா? உங்கள் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு மருத்துவரையும் ஆஸ்பத்திரியையும் கட்டுப்படுத்துகிறது. உங்கள் பள்ளி நிர்வாகம் போன் பண்ணிக் கேட்டால் சொல்லக் கூடாது. ஆனால் சட்டம் வராந்தா வரைக்கும் வராது. நம் ஊரில் விஷயம் கசிவது காத்திருக்கும் இடத்தில், பெயரைச் சத்தமாகக் கூப்பிடும்போது, எதிரில் உட்கார்ந்திருக்கும் தூரத்துச் சொந்தம் வழியாக. கடைசி அப்பாயின்ட்மென்டாகக் கேட்டு வாங்கலாம். எதிரில் தெரிந்தவர் வந்தால் அவரும் அதே காரணத்துக்குத்தான் வந்திருப்பார் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பதில் என் அபிப்பிராயம் இது. தரகரிடமும் ஊர்க்காரர்களிடமும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பேச்சு முடிவாகும் நிலைமைக்கு வந்து, அப்போதும் நீங்கள் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் மட்டும் நீங்களே நேரில் சொல்லிவிடுவது நல்லது. ஒளித்து வைத்து மாத்திரை போட ஆரம்பித்தால் முதலில் நின்றுபோவது மாத்திரைதான். மறைத்துக் கல்யாணம் செய்தார்கள் என்று குடும்ப நீதிமன்றத்துக்குப் போன சண்டைகளும் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை பற்றி யோசிக்கும்போது மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் முன்கூட்டியே டாக்டரிடம் பேசுங்கள். கர்ப்ப காலத்தில் தொடரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. இருதுருவ நோய்க்கும் வலிப்புக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட் போல, பிள்ளைப்பேறு வயதுப் பெண்கள் முடிந்தவரை தவிர்க்க வேண்டியவையும் இருக்கின்றன.

அப்பாயின்ட்மென்ட் வருவதற்குள் ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பிடித்து ஆட்டினால் தேதியெல்லாம் பார்க்காமல் நேரே ஹைகிரவுண்டு அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்றால் வேறு டாக்டரைப் பாருங்கள். அதில் ஒரு பாவமும் இல்லை. பழைய சீட்டைக் கையோடு கொண்டு போங்கள், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டாம். அதே டாக்டரிடமே இரண்டாவது தடவை போகிறீர்கள் என்றால், நடுவில் எத்தனை தடவை படபடப்பு வந்தது, தூக்கம் எத்தனை மணி நேரம், எந்தப் பக்கவிளைவு எப்போது வந்து எப்போது போனது என்று காலண்டரில் குறித்து வைத்ததைக் காட்டுங்கள். முதல் தடவை சொல்லக் கூச்சப்பட்டு விட்டதை அன்றைக்குச் சொல்லலாம். போடாமல் விட்ட மாத்திரை மீதி இருந்தால் அதையும் மறைக்காமல் அட்டையோடு எடுத்துப் போங்கள். நீங்கள் பாதி நாள்தான் போட்டீர்கள் என்பது தெரியாவிட்டால், மருந்து கேட்கவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடுவார்.